ஆறாம் வகுப்பு, இ பிரிவு

வயர் டீச்சர் என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் அதற்குக் காரணம் பள்ளிக்கூடம் கட்டியவர்கள்தான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் பிளக் பாயின்ட் ஒரு சுவரில் இருக்கும். திரை மாட்டுகிற இடம் அதற்கு நேர் எதிர்ச் சுவரில் இருக்கும். நடுவில் ஒரு வகுப்பே உட்கார்ந்திருக்கும். கட்டும்போது யாராவது ஒருவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. அதனால் அவள் பையில் மதியச் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, சுருட்டிக் கட்டிய நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு தலைமையாசிரியர் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, கரன்ட் வேலைக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, மோட்டார் பின்பக்கம் இருக்கிறது என்று வழிகாட்டினாராம். அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, இனி பயிற்சியை ஆரம்பிக்கலாமா என்று கேட்டாளாம்.

உண்மையில் அவள் அறிவியல் டீச்சர். ஆறாம் வகுப்பு அறிவியல். இன்றைக்கும் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வாள். ஆனால் சாக்பீஸ் தூள் அவள் கையில் ஒட்டிப் பல வருடமாகிவிட்டது.

வகுப்பு கையைவிட்டுப் போன கதை இப்படி. ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடிக்கிற நேரம். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்கிற ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பே அவளை சந்தேகப்புலி என்றுதான் கூப்பிடும். "டீச்சர், ராத்திரி பஸ்ல போறப்போ மரம் வீடு எல்லாம் பின்னாடி ஓடுது. நிலா மட்டும் ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. நல்ல கேள்வி, திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று சொல்லிவிட்டு டீச்சர் புத்தகத்தை மூடினாள். திங்கட்கிழமை காலையில் உத்தரவு வந்தது. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் வரப்போகின்றன, ஆசிரியர்களுக்குப் பழக்கிவிட ஆள் வேண்டும், ஒரு பருவம் மட்டும் போதும் என்றார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். வகுப்புக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. வண்டி வாசலில் நின்றது.

அந்த ஒரு பருவம் இன்னும் முடியவில்லை. முடியாமல் பார்த்துக்கொண்டவர் திட்டப் பிரிவு அதிகாரி. கெட்டவர் இல்லை; கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது வெளியே வந்திருக்கலாம். எந்த வேலையையும் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செய்கிற மனிதர். அதனால் கட்டம் சார். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் சமயத்தில் அவள் போய் நிற்பாள். ஒரு வகுப்பு கொடுங்கள் சார், எந்தப் பள்ளியானாலும் சரி என்பாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்களை விட்டா யாரு டீச்சர்? இந்தக் கட்டம் மட்டும் முடியட்டும்" என்பார். நாக்கில் சர்க்கரை தடவினாற்போல அப்படி ஒரு குரல். அவளும் தலையாட்டிவிட்டு வந்து, படியிறங்கும்போது தன்னையே திட்டிக்கொள்வாள்.

வேலையில் அவள் கெட்டிக்காரி என்பதுதான் அவளுக்கு வந்த வினை. மற்றப் பயிற்றுநர்கள் எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்பதில் ஆரம்பிப்பார்கள். இவள் முதல் மணி நேரத்தில் எதையும் அழுத்த விடமாட்டாள். அடுத்த மாதம் நடத்தப்போகும் பாடங்களை எடுத்து வையுங்கள். அதில் எதற்குத் திரை வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள் என்பாள். விதை முளைப்பதைக் காட்ட ஈரத் துணி போதும். ஆனால் இதயம் அடிப்பதை எந்த ஈரத் துணியில் காட்டுவது? அங்கே திரை வரட்டும். கையால் காட்ட முடிந்ததைக் கையால் காட்டு, காட்ட முடியாததற்கு மெஷினைக் கூப்பிடு. அவளுடைய திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். இதைப் புரிய வைப்பதற்குள் மதியமாகிவிடும். டேப்லெட்டைப் பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று இரும்பு பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிவைத்திருக்கும் தலைமையாசிரியர்களைப் பேசிப் பேசிக் கரைப்பதற்குள் மாலையாகிவிடும்.

பழக வேண்டுமென்றால் வகுப்பு வேண்டும். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுத்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஆகவே வகுப்பில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். ஆசிரியர்களே பிள்ளைகளாக உட்காருவார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் கீழே இருந்து வாலாட்டுவார்கள். பென்ஷன் வாங்கப்போகும் வயதில் ஒரு வரலாற்று சார் சுண்டுவிரலைக் காட்டி ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பார். பின்வரிசையில் இரண்டு டீச்சர்கள் பென்சிலுக்குச் சண்டை போடுவார்கள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் வழியே காலி மைதானத்தைப் பார்ப்பாள். நரைத்த தலைகளைப் பார்த்து, கவனியுங்கள் பிள்ளைகளே என்று எத்தனை நாளைக்குத்தான் சொல்வது?

வருகைப் பதிவும் வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் போட்டுப் பழகுவதற்குக் கம்ப்யூட்டருக்குள்ளும் மாதிரி வகுப்பு ஒன்று வேண்டும். மற்றவர்கள் மாணவர் ஒன்று, மாணவர் இரண்டு என்று வரிசையாக எண் போட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எண்ணுக்கு எப்படி வீட்டுப்பாடம் கொடுப்பது? எந்தப் பள்ளி என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பள்ளி எண்ணை, தன் பழைய பள்ளியின் எண்ணைப் போட்டாள். அங்கே ஆறாம் வகுப்பில் அ, ஆ என்று இரண்டே பிரிவுதான். நிஜ வகுப்போடு மோதிவிடக் கூடாது என்று இ பிரிவு என்று வைத்தாள். பிறகு அந்த வெள்ளிக்கிழமை விட்டுவிட்டு வந்த முப்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே உட்காரவைத்தாள். உண்மைப் பெயர்களைப் போடுவது சரியல்ல என்பதால் செல்லப் பெயர்கள். வாயாடி. தூங்குமூஞ்சி. அவசரக்குடுக்கை. ஒட்டடைக்குச்சி. அழுதாலும் சிரித்தாலும் கன்னம் குழிகிற குழிக்கன்னம். கடைசியில் சந்தேகப்புலி.

நிஜப் பிள்ளைகள் வளர்ந்து, படித்து, எங்கெங்கோ போய்விட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மட்டும் வருடா வருடம் ஆறாம் வகுப்பிலேயே இருந்தார்கள். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் பழகுவதற்காகத் தூங்குமூஞ்சிக்கு வராதவர் என்று போடுவார்கள், வாயாடிக்குப் பூஜ்யம் போடுவார்கள். எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் வீட்டில் உட்கார்ந்து அத்தனை பேரையும் மறுபடி வந்தவர்களாக்கி, மதிப்பெண்ணைச் சரிசெய்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூடுவாள். அவள் கணவர் தெருமுனையில் மருந்துக் கடை வைத்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்தால் இந்தக் கூத்தைப் பார்த்து, "என்ன, உன் பிள்ளைங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சா?" என்று கேட்பார். "ஒண்ணு ரெண்டு இன்னும் நிக்குது" என்பாள் அவள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, அந்த வீட்டில் தினமும் நடக்கிற ஒரே விளையாட்டு அதுதான்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் எத்தனை ஆசிரியர்கள் டேப்லெட்டை வைத்துப் பாடம் நடத்துகிறார்களோ, அத்தனை பேருக்கும் பழக்கிவிட்டவள் அவள். அவளோ இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பிள்ளையின் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து ஒரே ஒரு பாடம்கூட நடத்தியதில்லை. கல்யாண வயதுப் பெண்களுக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தான் தனியாக உட்கார்ந்திருக்கிறவளைப் போலத்தான் அவள் இருந்தாள். பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளி மைதானம் தெரிந்தால், அது மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவாள். ஓய்வு பெறுவதற்குள் ஒரு வகுப்பு, சொந்தமாக ஒரு வகுப்பு. அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த வருடம் பழைய ஏற்பாட்டை மூட்டை கட்டிவிட்டுப் புதிய கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. எந்தப் பள்ளிக்கு எத்தனை மேஜை, எத்தனை டேப்லெட், எத்தனை ஆசிரியர் என்பதை இனி அதுவே பார்த்துச் சொல்லும் என்றார்கள். பழையதில் இருந்ததையெல்லாம் அள்ளிப் புதியதில் கொட்டினார்கள். பழையதில் இ பிரிவின் தலையில் மாதிரி என்று ஒரு அடையாளம் இருந்தது. புதியதில் அந்த அடையாளத்துக்கு இடமே வைக்கவில்லை. பயிற்சிக்குத் தனி இடம் வேண்டும் என்று அவள் கேட்டது பல கட்டங்களாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இதெல்லாம் அவளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், இந்தத் தடவை அவள் போய் நிற்காமலே கட்டம் சார் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு காலியிடம் வந்திருக்கிறது என்றார். பழைய பள்ளி, ஆறாம் வகுப்பு. வருகை, வீட்டுப்பாடம் எல்லாம் அப்படி ஒழுங்காக இருக்கிற வகுப்பு வட்டாரத்திலேயே வேறு கிடையாதாம். ஆனால் பாவம், ஆசிரியர்தான் இல்லையாம். உங்களுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வேன் என்றார். உத்தரவை நீட்டும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

உத்தரவில் இ பிரிவு என்று இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. உடனே அவளுக்குள் இருந்த இன்னொருத்தி சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்குப் பின்னால் புதிதாக அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன, பிள்ளைகள் பெருகியிருப்பார்கள், மூன்றாம் பிரிவு வராமலா இருக்கும்? ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்லிக் கொடுக்கிறவள், அந்த ஒரு போனை மட்டும் செய்யவில்லை. சாயங்காலம் கணவர் உத்தரவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். டாக்டர் எழுத்தையே படிக்கிறவர். அச்செழுத்தில் எதையும் விடமாட்டார். "இ பிரிவா?" என்று கேட்டார். அவள் பையைத் துடைக்கிற மும்முரத்தில் காதில் விழாததுபோல இருந்துவிட்டாள். அவரும் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் நாள் என்ன பாடம் என்பதில் சந்தேகமே இல்லை, நிலாதான். வராந்தாவில் பிள்ளைகளை இருவர் இருவராக நடக்கவிட வேண்டும். ஒருவர் டேப்லெட்டில் படம் பிடிக்க வேண்டும், பக்கத்துத் தூணும் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியும் தெரிகிறபடி. பிறகு ஓடவிட்டு, நிறுத்திப் பார்க்க வேண்டும். எத்தனையோ தடவை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தைதான். மகளுக்குப் போன் செய்து முழுப் பாடத்தையும் நடத்திக் காட்டினாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா, நானே லீவு போட்டுவிட்டு வந்து உட்காரட்டுமா என்றாள்.

முதல் நாள் அவள் வயரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். வகுப்பு டீச்சருக்கு எதற்கு வயர்?

பழைய பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த அக்காதான் இப்போது தலைமையாசிரியை. வாசலிலேயே வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்க?" என்றார்.

"எந்தப் பிள்ளைங்க அக்கா?"

"உன் வகுப்புதான். மேஜை வந்துச்சு, டேப்லெட் வந்துச்சு, ஸ்க்ரீன் வந்துச்சு. எங்ககிட்ட ரெண்டு பிரிவுதானே இருக்கு? வேற ஏதோ ஸ்கூலை மூடிட்டு இங்க சேக்கறாங்க போலன்னு நினைச்சேன். உன்னோட வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு ஆச்சரியம் என்று சொல்ல முடியாது. திக்கென்ற அந்தக் கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவளை அழைத்துப் போய் அறையைக் காட்டினார். பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்திருந்தார்கள். பதினாறு மேஜை, இருவர் உட்காருகிற மேஜை. வெளிச்சம் திரையில் விழாதபடி ஜன்னலுக்குத் திரைச்சீலை. கரும்பலகையை மறைக்காமல் பக்கத்தில் மாட்டிய ஸ்மார்ட் போர்டு. அதற்கு அடியிலேயே பிளக் பாயின்ட். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் தொண்டை வற்றக் கத்தியது அத்தனையும் அந்த ஒரு அறையில் எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது. பிள்ளைகளைத் தவிர எல்லாம் இருந்தது. அவள் ஒரு டேப்லெட்டை எடுத்து வருகைப் பதிவைத் திறந்தாள். வாயாடி, தூங்குமூஞ்சி, அவசரக்குடுக்கை என்று வரிசையாக வந்து நின்றார்கள். அக்கா எட்டிப் பார்த்து முதலில் சிரித்தார். இத்தனை அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்களே, ஒருத்தருக்குக்கூடவா இந்தப் பெயர்கள் கண்ணில் படவில்லை என்று கேட்டார். திட்டப் பிரிவுக்கு எண்ணிக்கை மட்டும்தான் போகும் அக்கா, பெயர் போகாது என்றாள் அவள். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கதவைச் சாத்தினார். அ பிரிவிலும் ஆ பிரிவிலும் பிள்ளைகள் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். "நீ எதுவும் சொல்லாதே. நான் ரெண்டு பிரிவுலேருந்தும் பாதிப் பாதி எடுத்து இங்க உட்கார வைக்கிறேன். யாருக்கு நஷ்டம்? இருக்கிற பிள்ளைங்களுக்குத்தானே நல்லது?"

யோசித்தாள். அவள் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை, நன்றாகவே யோசித்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வாழ்நாள் ஆசை கைக்கு வந்துவிடும். வகுப்பும் நிஜம், பிள்ளைகளும் நிஜம். ஆனால் இந்த முப்பத்திரண்டு பேர் பெயரைச் சொல்லி அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்கு மேஜை வரும், அதற்கடுத்த வருடம் எட்டுக்கு. நிஜமாகவே ஆசிரியர் இல்லாமல் எங்கோ ஒரு வகுப்பு காத்துக்கொண்டிருக்கும். அதற்கு வரவேண்டிய ஆசிரியை இங்கே அவளுடைய கற்பனைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். ஆசிரியர் வராத வகுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு திங்கட்கிழமை அப்படி ஒரு வகுப்பை அவளே உண்டாக்கிவிட்டுப் போனவள்தானே?

"முடியாது அக்கா" என்றாள்.

கட்டம் சாருக்குப் போன் செய்தாள். இ பிரிவு பயிற்சிக்காகத் தான் போட்ட மாதிரி வகுப்பு என்று சொன்னாள். அவர் தழுதழுத்த குரலில் மன்னிப்புக் கேட்டார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வகுப்பை உண்டாக்கியவர்தான் அழிக்க முடியும், நீங்களே எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்ததும் காலியிடமும் தானாகவே போய்விடும். அவள் மறுபடி பயிற்சிக்கே வர வேண்டியதுதான். அ, ஆ பிரிவுகளின் நெரிசலை அவள் எடுத்துச் சொல்லி, நிஜப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஒரு மூன்றாம் பிரிவு கொடுங்கள், அதற்கு என்னைப் போடுங்கள் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான். அவர் எழுதி அனுப்பச் சொன்னார். கட்டாயம் செய்வோம் என்றார்.

"அடுத்த கட்டத்துல, டீச்சர்."

போனை வைத்துவிட்டு அவள், வகுப்பை அழிக்கச் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது என்றாள். அக்காவுக்குப் புரிந்தது. போய், அ பிரிவிலிருந்து கொஞ்சம், ஆ பிரிவிலிருந்து கொஞ்சம் என்று பிள்ளைகளை வரிசையில் அழைத்து வந்தார். உள்ளே வந்ததும் பிள்ளைகளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜையில் அவ்வளவு இடம். ஒரு பையன் இரண்டு முழங்கையையும் அகல விரித்து வைத்துப் பார்த்தான்.

அவள் கேள்வியைச் சொன்னாள். நிலா ஏன் கூடவே வருகிறது? ஆளுக்கொரு பதில் வந்தது. நிலாவுக்கு நம்மைப் பிடிக்கும் என்றான் ஒருவன். நிறைய நிலா இருக்கிறது, ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று என்றாள் ஒருத்தி. எதையும் தப்பு என்று சொல்லாமல் அவள் டேப்லெட்டைக் கையில் கொடுத்து எல்லாரையும் வராந்தாவுக்கு அனுப்பினாள். நடந்தார்கள், ஓடினார்கள், தூணில் முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி படம் பிடிக்கிறேன் என்று முழுக்கத் தன் மூக்கையே படமாக்கிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்து பெரிய திரையில் ஓடவிட்டபோது, பக்கத்துத் தூண் சடாரென்று பின்னால் போனது. நடுவில் இருந்த மரம் மெதுவாகப் போனது. தண்ணீர்த் தொட்டி அசையாமல் பிள்ளைகளோடு கூடவே நடந்தது.

அவள் படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "டீச்சர், அப்போ நிலா நம்ம கூட வரலை. அது ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கு. நாம நடக்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது."

எத்தனையோ பயிற்சிகளில், எத்தனையோ நரைத்த தலைகள் இதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் முன்பே தெரிந்து சொன்னவர்கள். கண்டுபிடித்துச் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எதையோ எழுதுவதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் டேப்லெட்டை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மூக்கைப் படம் பிடித்தவள் மட்டும் வாசலில் நின்று, "டீச்சர், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

முன்பு ஒரு வெள்ளிக்கிழமை இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை குனிந்து, அந்த முகத்தைப் பார்த்து, "இல்லடா கண்ணு. நாளைக்கு வர மாட்டேன். வரணும்னு ரொம்ப ஆசை" என்றாள். அந்தப் பெண் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள்.

பிறகு அவள் காலி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். காரணம் சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் நீக்க முடியாது. அதுவும் அவள் சண்டை போட்டுச் சேர்க்கவைத்த விதிதான். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை காணாமல் போனால் ஏன் என்று யாராவது கேட்க வேண்டும் என்று வாதாடியிருந்தாள். இப்போது அது அவளையே கேட்டது. வேறு பள்ளிக்கு மாறினாரா? குடும்பம் ஊர் மாறியதா? இடையில் நின்றுவிட்டாரா? கடைசி வரியில், தவறாகச் சேர்க்கப்பட்டார் என்று இருந்தது. அதுதான் உண்மை. வாயாடி, தவறாகச் சேர்க்கப்பட்டார். தூங்குமூஞ்சி, தவறாகச் சேர்க்கப்பட்டார். ஒவ்வொரு தடவையும், நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்றாள். ஒட்டடைக்குச்சி. குழிக்கன்னம். சந்தேகப்புலியைக் கடைசிவரை வைத்திருந்தாள். "இன்னிக்குத்தான்டி உனக்குப் பதில் கிடைச்சுது" என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம் அவளையும் எடுத்தாள். ஆறாம் வகுப்புக்குக் கீழே அ, ஆ என்று இரண்டு பிரிவுகள் மட்டும் மிஞ்சின.

மேஜைகளைத் திருப்பி எடுக்க யாரும் வரமாட்டார்கள், அது கவலை இல்லை என்றார் அக்கா. பிள்ளைகளை மாற்றி மாற்றியாவது அந்த அறையில் உட்காரவைக்கிறேன் என்றார். அவள் மூன்றாம் பிரிவுக்கான கோரிக்கையை எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பை லேசாக இருந்தது. அடுத்த நாள் வேறொரு பள்ளியில் பயிற்சி. வயரை மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும். மாதிரி வகுப்பும் புதிதாகப் போட வேண்டும். இனி மற்றவர்களைப் போல மாணவர் ஒன்று, மாணவர் இரண்டு என்றுதான்.

வீட்டில் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். இ பிரிவா என்று தான் அன்றைக்கே கேட்டதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவள் அடுத்த நாள் பயிற்சிக்கானதை முடித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கேளுங்களேன்" என்றாள்.

"என்ன?"

"தினமும் கேப்பீங்களே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், மெதுவாக, "பிள்ளைங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சா?" என்று கேட்டார்.

"போயாச்சுங்க. ஒருத்தர்கூட நிக்கலை" என்றாள் அவள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.